தாம்பரத்தில் இறங்காத விருந்தாளிகள்

அஸ்தினாபுரத்துக்குப் பின்னால் கல் எடுத்துக் கைவிட்ட குழி ஒன்று கிடந்தது. மழைக்காலத்தில் எருமை நீந்தும். வெயில் காலத்தில் ஊர்க் குப்பையெல்லாம் அங்கேதான் விழும். லாரி லாரியாக மண் கொட்டி அதை நிரப்பி, கால்பந்து மைதானம் ஆக்கியது யார்? நான்.

‘ஜல்லி விக்கிற ஆளுக்கு காலேஜ் பசங்களோட இன்னா சகவாசம்?’ என்று ஊரே சிரித்தபோது, பல்லாவரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் உள்ள கல்லூரிகளைச் சேர்த்து ‘தெற்கு குரூப்’ என்று ஒரு லீக் ஆரம்பித்தது யார்? அதுவும் நான்தான்.

இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டைக் கேலரி, தண்ணீர்த் தொட்டி, மைக் செட், காணும் பொங்கல் கோப்பை... எல்லாம் நான். கட்டை மட்டும் பம்மல் சவுக்கு மண்டி அமானுல்லா பாய் கொடுத்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பேப்பர் வந்த அன்றே என் வாசலில் வந்து நிற்பார்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. கிளீனராக ஏறிய லாரிக்கே பிறகு முதலாளி ஆனவன் நான். பேப்பரில் நான் எழுதும் இந்தப் பத்தியில் விஷயம் என்னுடையது. கமாவும் புள்ளியும் பேப்பர் ஆசிரியர் தம்பியுடையது. வாரா வாரம் படிக்கிற உங்களுக்கு இது தெரியும்.

அப்புறம் ஏன் மறுபடி அடுக்குகிறேன்? காரணம் இருக்கிறது. போன காணும் பொங்கல் அன்று இவ்வளவும் என் கண் முன்னாலேயே ஒன்றுமில்லாமல் போகப் பார்த்தது. மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் முடிந்து, வாசலில் கட்டிய கரும்பு காய்ந்தும் போய்விட்டது. அந்தப் பயம் மட்டும் இன்னும் போகவில்லை.

இங்கே புதிதாக மனை வாங்கி வீடு கட்டி வந்தவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம்.

முன்பெல்லாம் நம் பக்கத்துக் கல்லூரிகள் பட்டணத்து லீக்கில்தான் ஆட வேண்டும். விடியற்காலையில் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்துப் போனால் ‘உங்க மேட்ச் நாளைக்கு’ என்பார்கள். மறுநாள் போனால் ‘நேத்தே முடிஞ்சு போச்சு, நீங்கதான் வரலை’ என்பார்கள். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் தெற்கு குரூப்.

ஆனால் கோபத்தை வைத்து லீக் நடத்த முடியுமா? பந்து வேண்டும். ரெஃப்ரி வேண்டும். பசங்களுக்கு ரயில் டிக்கெட் வேண்டும். சாதாரண லீக் மேட்சைப் பார்க்க யார் வருகிறார்கள்? இரண்டு நாய், ஒரு கடலைக்காரர். அதற்காகத்தான் காணும் பொங்கல் மேட்ச் கொண்டு வந்தேன். தெற்கு குரூப்பில் முதலில் வந்த டீமும், பட்டணத்து லீக்கான சிட்டி குரூப்பில் முதலில் வந்த டீமும் மோத வேண்டும். பீச்சுக்குப் போக முடியாத குடும்பமெல்லாம் கட்டுச்சோற்றோடு நம் கேலரிக்கு வந்துவிடும். தாம்பரம் கடைவீதிக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி பேனர் கட்டுவார்கள். அந்த ஒரு நாள் ஆட்டம்தான் வருஷம் முழுக்க மற்ற ஆட்டங்களுக்குச் சோறு போடுகிறது.

அந்த ஒரு மேட்ச் படுத்தால் குரூப்பே படுத்துவிடும். விஷயம் இவ்வளவுதான்.

கடைக்காரர்கள் சும்மா பேனர் கட்டுவார்களா? அதற்கும் ஒரு வழக்கம் வைத்தேன். சிட்டி டீம் நமக்கு விருந்தாளி. அவர்கள் தாம்பரம் ஸ்டேஷனில் வந்து இறங்க வேண்டும். அங்கே மாலை, பேண்டு வாத்தியம். கழுவித் துடைத்து, கரும்பும் மாவிலையும் கட்டிய என் லாரியில் அவர்களை நிற்க வைத்துக் கடைவீதி முழுக்க ஊர்வலம். பேனர் கொடுத்த ஒவ்வொரு கடை முன்னாலும் லாரி நின்றுதான் நகரும். பிறகு ரயில்வே கேட்டைத் தாண்டி, சிட்லப்பாக்கம் வழியாக மைதானம். அங்கே வடக்குக் கேலரிப் பந்தல் விருந்தாளிக்கு, தெற்குக் கேலரிப் பந்தல் நம் டீமுக்கு. இரண்டிலும் போர்டு தொங்கும். ஆட்டம் முடிந்ததும் பாய் வீட்டு பிரியாணி, இரண்டு டீமுக்கும் ஒரே பந்தியில்.

நம் டீம் என்றால் யார்? வருஷா வருஷம் மலையடிக் கல்லூரிதான். பல்லாவரம் மலைக்குப் பக்கத்தில் இருப்பது. பொழிச்சலூர், பம்மல், குரோம்பேட்டைப் பசங்கள். ஜனம் வருவதே அவர்களைப் பார்க்கத்தான். கேலரியில் பாதிப் பேர் அவர்களுக்குச் சித்தப்பா, பெரியப்பா, எதிர்வீட்டு அக்கா.

இப்போது சம்பவத்துக்கு வருகிறேன்.

லீக் தொடங்க இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. மழை விடாமல் பெய்த ஒரு மத்தியானம், மலையடிக் கல்லூரியின் பி.டி. மாஸ்டர் தனசேகர் என் ஜல்லி ஷெட்டுக்கு வந்தார். குடையை மடக்கினார். விரித்தார். மறுபடி மடக்கினார். நல்ல செய்தி கொண்டுவந்தவர் குடையோடு இவ்வளவு விளையாடுவாரா?

கல்லூரி தெற்கு குரூப்பை விட்டு சிட்டி குரூப்புக்குப் போகிறதாம். சிட்டி குரூப் ஆட்டங்களை டி.வி.யில் காட்டப் போகிறார்களாம். டி.வி.யில் வந்தால் கல்லூரிக்குப் பெயர், பெயர் வந்தால் அட்மிஷன். நிர்வாகம் கணக்குப் போட்டு முடித்துவிட்டது.

“இந்த வருஷமேவா மாஸ்டர்?” என்றேன்.

“ஆமாண்ணா. நானும் சொல்லிப் பார்த்தேன். குழில ஆடினது போதும்னுட்டாரு கரஸ்பாண்டென்ட்.”

குழி என்றாராம். அது குழியாக இருந்தபோது அந்தப் பெரிய மனிதர் எந்த ஊரில் இருந்தார் என்று கேட்க வாய் வந்தது. மாஸ்டர் முகத்தைப் பார்த்தேன். அந்த மைதானத்தில் என்னோடு நின்று சுண்ணாம்புக் கோடு போட்டவர் அவர். அவரிடம் என்ன கேட்பது? டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

ஒன்று போனால் ஒன்றோடு நிற்குமா? அடுத்த வாரமே இன்னும் இரண்டு கல்லூரிகள் ‘நாங்களும் யோசிக்கிறோம்’ என்று சொல்லி அனுப்பின. யோசிக்கிறோம் என்று ஒருவன் சொல்லி அனுப்பினால் என்ன அர்த்தம்? கட்டிய மூட்டையைத் தூக்க ஆள் பார்க்கிறான் என்று அர்த்தம்.

கடைவீதியில் நடந்தால் எல்லாரும் ஒரே கேள்வி. ஜவுளிக்கடைக்காரர், பாத்திரக்கடைக்காரர், செருப்புக்கடைக்காரர் என்று ஒருவர் பாக்கியில்லை. “மலையடி ஆடுதா?” ஒரு சோப்புக் கம்பெனி மேனேஜர் இருக்கிறார். இருப்பதிலேயே பெரிய பேனர் அவர்களுடையதுதான். அவர் மரியாதையாகச் சொல்லிவிட்டார்: மலையடி இல்லையென்றால் ஹெட் ஆபீசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

தெற்கு குரூப்பில் அந்த வருஷம் முதலில் வந்தது கூடுவாஞ்சேரிக் கல்லூரி. புத்தம் புதுக் கல்லூரி. சுற்றுச்சுவர்கூட முடியவில்லை. மனை அளந்து நட்ட கல்லுக்கு நடுவில் ஓடி ஓடிப் பழகிய பசங்கள். நன்றாகத்தான் ஆடினார்கள். ஆனால் அவர்கள் பெயரைச் சொன்னால் கடைக்காரர் முகம் சுண்டிவிடுகிறதே... நான் என்ன செய்ய?

சோறு இறங்கவில்லை. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி சரோஜா ரசத்தை ஊற்றிவிட்டு, “லாரி கவுந்தப்போகூட நீங்க இப்டி குந்திகினு இல்லியே” என்றாள். லாரியை நிமிர்த்த கிரேன் வரும். குரூப்பை நிமிர்த்த எது வரும்?

வந்தது. அமானுல்லா பாய் வந்தார், தன் மொபெட்டில்.

மார்கழி பிறந்து கொஞ்ச நாள். வண்டியை ஸ்டாண்டு போடாமலே சிரித்தார்.

“கோதண்டம், சேதி கேட்டியா? சிட்டி குரூப்புல பர்ஸ்ட்டு வந்தது யாருன்ற? நம்ம மலையடி. அப்ப உன் ரூல்படி இந்த வருஷம் கெஸ்ட்டு யாரு?”

“இன்னா பாய் பேசற? உட்டுட்டு போனவன நானே போய் அழைக்கறதா?”

“நேத்து வரிக்கும் பொண்ணு வீடு. இன்னிக்கி மாப்ள வீடு. மாலைக்கு சொல்லு.”

யோசித்துப் பார்த்தேன். ரோஷத்தைப் பார்த்தால் குரூப் போகும். குரூப்பைப் பார்த்தால் ரோஷம் போகும். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கரஸ்பாண்டென்ட் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். நிறைய நேரம் உட்கார வைத்தார். உள்ளே கூப்பிட்டு, வருகிறோம் என்றார். ஆனால் சிட்டி சாம்பியனுக்கு உள்ள மரியாதை ஒரு நூல் குறையக் கூடாது, அதைப் பார்க்க சிட்டி குரூப்பிலிருந்து ஓர் ஆள் வருவார், குறைந்தால் டீமைத் திருப்பி அழைத்துக்கொள்வார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வாசல் வரை வந்த மாஸ்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “பல்லாவரத்துல ஏறி தாம்பரத்துல இறங்கறதுக்கு மாலை மரியாதை எதுக்குண்ணா? பசங்க கூச்சப்படறாங்க.”

“கடைவீதி பார்க்கணும் மாஸ்டர். லாரில நின்னாங்கன்னா போதும்.”

அவர் கேட்காத ஒன்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. விட்டுப் போனவர்கள் லாரியில் நின்று வருவதைப் பார்த்து நம் ஜனம் கை தட்டுமா, கல் விடுமா? என் ஊரில் கல்லுக்குப் பஞ்சமில்லை. சப்ளை பண்ணியதே நான்தான்.

காணும் பொங்கல்.

தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் லாரி. கரும்பு, மாவிலை, பேண்டு செட், மாலைக் கூடை. சோப்புக் கம்பெனி மேனேஜர் புதுச் சட்டையில் பக்கத்தில் நின்றார். பீச் பக்கம் போகிற ரயிலெல்லாம் பிதுங்கிக்கொண்டு போயின. பீச் பக்கமிருந்து வருகிற ரயில்கள் காலியாக வந்தன. காலியாக வருவது நல்லதுதான், நம் பசங்களைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம்.

சொன்ன ரயில் வந்தது. ஒரு கிழவி இறங்கினாள், இரண்டு போலீஸ்காரர்கள் இறங்கினார்கள். மலையடி இறங்கவில்லை.

அடுத்த ரயிலில் வருவார்கள் என்றேன். அடுத்த ரயிலும் வந்தது. பேண்டு மாஸ்டர் ஆரம்பித்த பாட்டைப் பாதியில் நிறுத்தி, கிளாரினெட்டைத் துண்டால் துடைத்தார். எஸ்.டி.டி. பூத்திலிருந்து கல்லூரிக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. பண்டிகை நாளில் யார் இருப்பார்கள்?

“வருவாங்களா சார்?” என்றார் மேனேஜர்.

“வந்துகினே இருக்காங்க.”

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே நம்பிக்கை இல்லை. கரஸ்பாண்டென்ட் மனதை மாற்றிக்கொண்டாரா? பசங்கள் கூச்சப்பட்டு பீச்சுக்கே போய்விட்டார்களா? மைதானத்தில் ஜனம் உட்கார்ந்திருக்கும். மைக்கில் என்ன சொல்வது? கேலரி ஒரு தடவை காலியாகக் கலைந்தால் அடுத்த வருஷம் எவன் பேனர் கட்டுவான்? மாலைக் கூடையைத் தூக்கி நிழலில் வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்போது மொபெட் சத்தம். பாய்.

“நீ இங்க இன்னா பண்ணிகினு கீற? அவங்க அங்க வந்து குந்திகினு கீறாங்க.”

“எங்க?”

“கிரவுண்டுல. நம்ம பந்தல்ல.”

நடந்தது இதுதான். பசங்கள் சொன்னபடி பல்லாவரத்தில் ஏறியிருக்கிறார்கள். அடுத்த ஸ்டேஷன் குரோம்பேட்டை. எத்தனையோ வருஷமாக நம் மைதானத்துக்கு வர அங்கேதான் இறங்குவார்கள். ரயில் நின்றதும் கோல்கீப்பர் பையன் எழுந்திருக்கிறான். அவன் எழுந்ததும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ‘தாம்பரம், தாம்பரம்’ என்று மாஸ்டர் கத்திக்கொண்டே பின்னால் ஓடியிருக்கிறார். அவர்கள் கேட்டைத் தாண்டி, அஸ்தினாபுரம் குறுக்குச் சந்தில் புகுந்து, நேராகத் தெற்குக் கேலரிப் பந்தலுக்குப் போய், வழக்கமான ஆணியில் வழக்கமான பையை மாட்டி உட்கார்ந்துவிட்டார்கள்.

கல்லூரியை எந்த குரூப்புக்கு வேண்டுமானாலும் மாற்றலாம். பழகிய கால் எந்த ஸ்டேஷனில் இறங்கும் என்பதை யார் மாற்றுவது?

“கேலரி?” என்றேன்.

“ரெண்டு பக்கமும் ஃபுல்லு. கல்லும் இல்ல ஒண்ணும் இல்ல. ‘வந்துட்டியாடா’ன்னு முறுக்கு குடுத்துகினு கீறாங்க. ஆனா அந்த சிட்டி ஆளு குதிக்கிறான். கெஸ்ட்டு வடக்கு பக்கம்தான் குந்தணுமாம். இல்லாட்டி டீமை இட்டுகினு பூடுவானாம். சீக்கிரம் வா.”

கிளம்பலாம் என்று திரும்புகிறேன். செங்கல்பட்டு ரயில் வந்து நின்று, மைதானத்துக்கு பஸ் பிடிக்கப் படிக்கட்டில் கூடுவாஞ்சேரி டீம் இறங்கி வருகிறது. கையில் பை, காலில் செருப்பு. பை தூக்கிய பசங்களைப் பார்த்ததும் பேண்டு மாஸ்டருக்கு உயிர் வந்துவிட்டது. வெகுநேரம் அடக்கி வைத்த பாட்டு. முழு மூச்சில் எடுத்துவிட்டார். நிறுத்து என்று சொல்ல வாயைத் திறந்தேன்... மூடிக்கொண்டேன். மாலையை எடுத்து அந்த கேப்டன் கழுத்தில் போட்டேன்.

அவன் பயந்து போய் மெல்லச் சொன்னான்: “சார், நாங்க ஹோம் டீம் சார்.”

“ஏறு தம்பி. மாலை வாடுது.”

கடைவீதி முழுக்க ஊர்வலம் போனது. ஒவ்வொரு கடை முன்னாலும் லாரி நின்றது. கூடுவாஞ்சேரிப் பசங்கள் முதலில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். பாத்திரக்கடை வருவதற்குள் கை காட்டத் தொடங்கிவிட்டார்கள். தங்களை ஒருவர் அழைத்துப் போக வந்தது அவர்களுக்கு அதுதான் முதல் தடவை. கடைக்காரர்களும் கை காட்டினார்கள். யார் டீம் என்று ஒருவரும் கேட்கவில்லை!

மைதானத்தில் வேறு கதை.

சஃபாரி சூட் போட்ட சிட்டி ஆள் வாட்சைப் பார்த்தபடி நின்றார். மாஸ்டர் தெற்குப் பந்தலில் பசங்களுக்கு முன்னால் கை பிசைந்துகொண்டு நின்றார். பசங்கள் எழுந்தால் பின்னால் இருக்கிற சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் எழுவார்கள். தெற்குக் கேலரி மொத்தமும் எழுந்து வடக்குக் கேலரிக்கு நகர்ந்தால் என்ன ஆகும்? சவுக்குக் கட்டை, கயிற்றுக் கட்டு. எனக்கும் பாய்க்கும் தெரியும் அது என்ன தாங்கும், என்ன தாங்காது என்று. அந்த நிமிஷம் பிரியாணி, பேனர், கோப்பை எதுவும் எனக்கு நினைவில்லை. கேலரியில் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண்கள்தான் கண்ணில் பட்டார்கள்.

“ரூல்ஸ்னா ரூல்ஸ் சார்,” என்றார் சஃபாரி. “விருந்தினர் அணிங்கற போர்டு எங்க இருக்கோ, எங்க டீம் அங்கதான் இருக்கணும். என் ரிப்போர்ட்டு அப்படித்தான் போகும்.”

போர்டு என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது.

“கேலரிய நகத்த முடியாது சார். போர்டை நகத்தலாம்.”

பாய் கண்ணைக் காட்டினார். மண்டி ஆட்கள் வடக்குப் பந்தலில் ஏறி ‘விருந்தினர் அணி’ போர்டை அவிழ்த்தார்கள். தெற்கே கொண்டுவந்து மலையடிப் பசங்கள் தலைக்கு மேல் கட்டினார்கள். ‘நம் அணி’ போர்டு வடக்கே போனது. கூடுவாஞ்சேரிப் பசங்கள் மாலையைக் கழற்றாமல் அதற்குக் கீழே போய் உட்கார்ந்தார்கள். சஃபாரி போர்டைப் பார்த்தார், டீமைப் பார்த்தார், தலையாட்டினார். கேலரியில் ஒருவர்கூட அசையவில்லை. நான் மட்டும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

ஆட்டம்? முதல் கோல் கூடுவாஞ்சேரி போட்டது. மைதானம் அமைதியாகிவிட்டது. யாருக்குக் கை தட்டுவது, யார் நம்மவர் என்று ஜனத்துக்குப் புரியவில்லை. தெற்குக் கேலரியில் ஒரே ஒருத்தி எழுந்து கை தட்டினாள். சரோஜா. அவளைப் பார்த்துப் பக்கத்து வரிசை தட்டியது, பிறகு எல்லாரும். கடைசியில் மலையடி ஒன்று திருப்பியது. சமம். கோப்பையை ஆளுக்கு அரை வருஷம் வைத்துக்கொள்வது என்று முடிவு. பாய் வீட்டுப் பந்தியில் இரண்டு டீமும் கலந்து உட்கார்ந்தன, போர்டு இல்லாமல்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்த வாரம் வேறு எதையாவது எழுதியிருப்பேன்.

பரிசளிப்பில் சோப்புக் கம்பெனி மேனேஜர் மைக்கைப் பிடித்தார். சிட்டி குரூப்புக்கு நன்றி சொன்னார். கரஸ்பாண்டென்ட்டுக்கு நன்றி சொன்னார். இதுவரை ஒரு ஆட்டத்தைக்கூடக் காட்டாத டி.வி.க்கும் நன்றி சொன்னார். அடுத்த வருஷத்திலிருந்து கோப்பைக்குத் தங்கள் சோப்பின் பெயர் வரும், மைதான வாசலில் வளைவு வைப்போம் என்றார். ஜனம் கை தட்டியது. என் பெயர் எந்த இடத்தில் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மைக் ஆஃப் ஆகிவிட்டது.

பாய் காதோரம் சொன்னார்: “உன் பேரு நுரையோட பூட்ச்சு.”

சிரித்தேன். ஆனால் சிரிப்பு உள்ளே இறங்கவில்லை. அந்த இரண்டு கல்லூரிகள் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கின்றன. அடுத்த காணும் பொங்கலுக்கு யார் நம்மவர், யார் விருந்தாளி, யார் எந்த ஸ்டேஷனில் இறங்குவார்கள்... எனக்குத் தெரியாது. குரூப் கலையலாம். கோப்பை கைமாறலாம். ஆனால் நான் நிரப்பிய குழியை எவரும் மறுபடி குழி ஆக்க முடியாது.

ஆகவே மேனேஜர் சார், கரஸ்பாண்டென்ட் ஐயா, சிட்டி குரூப் பெரியவர்களே... வளைவில் சோப்புப் பெயர் தாராளமாகப் போடுங்கள். நானும் தினம் குளிக்கிறவன்தான். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி எனக்கு வேண்டும்: ‘இந்தக் குழியை நிரப்பியவர் ஜல்லி கோதண்டம்.’

எழுத்து ரொம்பப் பெரிதாக வேண்டாம். கேலரியின் கடைசி வரிசையிலிருந்து படிக்க முடிந்தால் போதும்.